பி.இ. குறைந்தது சரி, எதனால் குறைந்தது?

எய்யா,

சோப்புக் கம்பெனி ஹிந்துஸ்தான் யூனிலீவரின் பி.இ. (பங்கு விலை, ஒரு பங்குக்கான வருஷ லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு) 2020 மார்ச்சில் 74 இருந்தது, 2024 மார்ச்சில் 52 ஆகிவிட்டது, பங்கு நல்லா விழுந்திருக்கு, அப்போதே வாங்கியிருக்கலாம் என்று போனில் புலம்பினாயே, அந்தப் பங்கு விழவே இல்லை. அப்போது சுமார் 2,300 ரூபாய், நாலு வருஷம் கழித்தும் 2,270 பக்கம். விலை உட்கார்ந்த இடத்திலேயே இருக்க, லாபம் 6,738 கோடியில் இருந்து 10,114 கோடிக்குப் போனது. நடுவில் ஹார்லிக்ஸ் கம்பெனியைச் சேர்த்துக்கொண்டு அதற்காகப் புதுப் பங்குகள் கொடுத்தார்கள், அதனால் ஒரு பங்குக்கான லாபம் அந்த அளவுக்கு ஏறவில்லை, 31 ரூபாய் 43 ஆனது. 2,270-ஐ 43-ஆல் வகுத்துப் பார், உன் 52 சொச்சம் வந்துவிடும்.

தாத்தா வயல் வாங்கப் போனால் குத்தகை நெல் வருஷத்துக்கு எத்தனை கோட்டை என்று கேட்டுவிட்டுத்தான் விலையே பேசுவார். பி.இ.யும் அந்தக் கணக்குதான், ஆனால் குத்தகை கூடும் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்து விலை கொடுக்கிறோம். 74 மடங்கு கொடுத்தவர்கள் பெரிய வளர்ச்சியை எதிர்பார்த்தார்கள், 2023-24-ல் விற்பனை 2, 3 சதவீதத்துக்கு மேல் வளரவில்லை. லாபம் கூடியும், நாலு வருஷத்தில் அவர்கள் கையில் மிஞ்சியது டிவிடெண்ட், அதாவது கம்பெனி லாபத்தில் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம், மட்டும்தான்.

பி.இ. கம்மி என்றாலே மலிவாகக் கிடைக்கிறது என்றும் நினைக்காதே. நம்ம தூத்துக்குடி தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் 2022 செப்டம்பரில் ஒரு பங்கு 500 ரூபாய்க்கு மேல் என்று முதல் பங்கு வெளியீட்டுக்கு வந்தது, பி.இ. பத்துக்குப் பக்கம். வருஷ லாபம் 822 கோடியில் இருந்து 2024-25-ல் 1,183 கோடி ஆகியும் அந்த நிதியாண்டு முடிவில் விலை 500-க்குக் கீழேதான், பி.இ. ஆறுக்குப் பக்கம். பேங்கைப் புத்தக மதிப்போடு (சொத்தில் கடனைக் கழித்தால் மிஞ்சுவது) வைத்துப் பார்க்கணும், சோப்புக் கம்பெனியோடு ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது.

சிமெண்ட் இன்னும் ஏமாற்றும். நல்ல வருஷத்தில் லாபம் குவியும், பி.இ. சின்னதாகத் தெரியும், அதுதான் பல நேரம் லாபத்தின் உச்சம், அப்புறம் இறங்கிவிடும். தாழையூத்து சங்கர் நகரில் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸுக்கு 2022-23, 2023-24 இரண்டு வருஷமும் நஷ்டம், நஷ்டத்தில் பி.இ. என்று ஒன்று கிடையாது.

அதனால் எதை வாங்குவதாக இருந்தாலும் பத்து வருஷத்துக்கு விலை, ஒரு பங்கு லாபம், பி.இ. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஏதாவது வருஷம் லாபம் திடீரென்று எகிறியிருந்தால் நிலம் கிலம் விற்ற பணமா என்று ஆண்டறிக்கையில் பார்த்துவிட்டு அனுப்பு, அப்புறம் பேசுவோம்.

அம்மா