வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: கடையில் கேட்ட சத்தமும் வீட்டில் கேட்ட சத்தமும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மழைக் காலத்தில், நம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் பஜாரான ரிச்சி தெருவின் சேற்றில் பேன்ட்டை மடித்துக்கொண்டு வந்து நம் ஸ்பீக்கர் கடையில் ஒரு கேபிளுக்காக அரை மணி நேரம் நின்றவர்கள் நீங்கள். உங்களிடம் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. விலை ஏறியிருக்கிறது. மாடியில் டெமோ அறையைப் பார்த்துக்கொண்ட தம்பி வேலையை விட்டுப் போய்விட்டார். அப்புறம், நம் கடையைக் குறை சொல்லி இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த ஆடியோ. முதல் இரண்டும் எந்தக் கடையிலும் நடப்பதுதான். மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

விலையை முதலில் முடித்துவிடுகிறேன். மேஜை ஸ்பீக்கர்களில் நாம் விற்பது ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டில் தயாராகி டாலரில் விலை பேசப்படும் சரக்கு. 2014-ல் ஒரு டாலர் சுமார் 60 ரூபாய். 2024 முடியும்போது 85-ஐத் தாண்டிவிட்டது. அதன் மேல் சுங்கம், கப்பல் கூலி, 18 சதவீத ஜிஎஸ்டி. போன தீபாவளிக்கு 9,800-க்குக் கொடுத்த நாலு அங்குல ஸ்பீக்கர் ஜோடியை இப்போது 11,200-க்குக் கொடுக்கிறோம். பழைய அடக்க விலையில் வந்த பெட்டிகள் தீரும் வரை பழைய விலைக்கே கொடுத்தோம். சென்ற வாரம் தீர்ந்துவிட்டது.

சரி, அந்த ஆடியோவுக்கு வருகிறேன்.

“கடையில ஒண்ணக் காட்டிட்டு வேற பீஸைத் தலையில கட்டிடறாங்க, அங்க போகாதீங்க” என்கிறார் அதில் ஒருவர். கடைப் பெயரையும் சொல்கிறார். என் அப்பா ரேடியோ ரிப்பேர் செய்த காலத்திலிருந்து இதே தெருவில் இருக்கிறோம். விலை அதிகம் என்று சொல்லுங்கள், படி செங்குத்து என்று சொல்லுங்கள், நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றுகூடச் சொல்லுங்கள், வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள். பீஸை மாற்றினோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் பில்லில் சீரியல் எண் எழுதித்தான் கொடுக்கிறோம். பெட்டியை உங்கள் கண் முன்னால்தான் பிரிக்கிறோம்.

ஆடியோ போட்டவர் நம் வாடிக்கையாளர்தான். பெரம்பூர் பக்கம் வீடு, கணினி வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்துவிட்டு, டேப்பும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு நானே போனேன். அவர் அம்மா காபி கொடுத்தார். நல்ல மனிதர்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

மேஜையைப் பார்த்ததும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. நாலடி மேஜை, சுவரோடு ஒட்டிப் போட்டது. நடுவில் 27 அங்குல மானிட்டர். இடது ஸ்பீக்கர் அதன் பின்னால் பாதி ஒளிந்திருக்கிறது. வலது ஸ்பீக்கர் பிரிண்டர் மேல் படுத்துக் கிடக்கிறது. இரண்டுக்கும் காற்றுத் துளை பின்பக்கம், சுவருக்கும் அதற்கும் இடையில் இரண்டு விரல்தான் போகும். நிமிர்ந்து நின்ற ஒன்றின் ட்வீட்டரும் (மேல் சத்தம் தரும் சின்ன வட்டம்) அவர் சட்டைப் பித்தானைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது. மிருதங்கம் போடச் சொன்னேன். தொப்பிப் பக்கம், அதாவது கனமாக ஒலிக்கும் இடது பக்கம், ஒவ்வொரு தட்டுக்கும் காலித் தண்ணீர் டிரம்மை உதைத்த மாதிரி ‘டொம்ம்ம்’ என்று இழுத்தது. பாடகரின் குரல் எங்கோ பீரோவுக்குள்ளிருந்து வந்தது. அவர் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. பீஸ் மாறிவிட்டது என்று நினைத்ததில்தான் இல்லை.

முதலில் மேஜையை ஒரு முழம் முன்னால் இழுத்தோம். சுவரும் மூலையும் அடிச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும், சின்னப் பெட்டியையும் வீங்க வைத்துவிடும். பிரிண்டர் தரைக்குப் போனது. ஸ்பீக்கர் இரண்டையும் மானிட்டரின் இரு பக்கமும் நிமிர்த்தி, அதன் திரைக்கு நேராக வைத்தோம். அடியில் அவருடைய பழைய இன்ஜினியரிங் புத்தகங்கள் இரண்டிரண்டு, முன்பக்கம் ஒரு ரப்பர் துண்டு. இப்போது ட்வீட்டர் அவர் காதைப் பார்த்தது. டேப் வைத்து அளந்தேன்: ஒரு ஸ்பீக்கரிலிருந்து இன்னொன்றுக்கு 80 சென்டிமீட்டர், ஒவ்வொன்றிலிருந்தும் தலைக்கு 80. மூன்று பக்கமும் சமமான முக்கோணம். கிட்ட உட்கார்ந்து கேட்பவருக்கு நான் சொல்கிற முதல் மந்திரம் இதுதான், பணம் செலவில்லாதது.

அப்புறம் கண்ணாடி. மேஜை மேல் படுக்கவைத்து மெதுவாக நகர்த்துங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கும்போது கண்ணாடியில் எங்கே ட்வீட்டர் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் சத்தம் எகிறி உங்கள் காதுக்கு இரண்டாவது முறை வருகிறது. நேராக வருவதைவிட அது ஒரு சாணுக்கும் குறைவாக, சுமார் 17 சென்டிமீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால் போதும், 1,000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு ஆயிரம் அதிர்வு) அருகே இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். குரலின் முக்கியமான பகுதி அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு துண்டை மடித்துப் போட்டோம். பெட்டியை உயர்த்திச் சாய்த்ததிலேயே பாதி சரியாகிவிட்டது, துண்டு மீதிக்கு.

மறுபடி அதே மிருதங்கம். தொப்பி ‘தொம்’ என்று விழுந்து அங்கேயே நின்றது. வலது பக்கமான வலந்தலையில் விரல் படுவது தனியாகக் கேட்டது. குரல் மானிட்டருக்கு நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருந்து அவர் அம்மா, “டேய், வேற வாங்கிட்டியா?” என்று கேட்டார். இதைவிட எனக்கு என்ன சாட்சி வேண்டும்? சீரியல் எண்ணையும் பில்லையும் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன். இரண்டும் ஒன்றுதான்.

பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், சுவர் பக்கம் வைப்பவர்கள் அடிச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ள. நம் டெமோ ஜோடியில் அது இரண்டு டெசிபல் குறைத்து வைத்திருந்தது, புதுப் பெட்டியில் பூஜ்யத்தில் வரும். சொல்லியிருக்கலாம்.

மறு ஆடியோ போடுவதாகச் சொன்னார். இன்னும் வரவில்லை. வேலை இருக்கும்.

இவ்வளவு எழுதுவதற்குக் காரணம், அவர் மட்டும் இல்லை. ஐந்து அங்குல ஸ்பீக்கரை எடுத்துக் காட்டினால் “இன்னும் பெருசு இல்லையா?” என்று கேட்காதவர் குறைவு. எட்டு அங்குல வூஃபரை (அடிச் சத்தம் தரும் பெரிய வட்டம்) இரண்டடி மேஜையில் வைத்து ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தால், மேல் சத்தம் ஒரு இடத்திலிருந்தும் கீழ்ச் சத்தம் வேறு இடத்திலிருந்தும் வரும். இரண்டும் கலக்க அதற்குத் தூரம் வேண்டும். சின்னப் பெட்டியில் வூஃபரும் ட்வீட்டரும் நெருங்கி இருப்பதால் கிட்டவே ஒன்றாகிவிடுகிறது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. பிபிசி 1970-களில் வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைக்க எல்எஸ்3/5ஏ என்று ஐந்து அங்குல வூஃபரோடு ஒரு குட்டி ஸ்பீக்கரை வடிவமைத்தது. வேனுக்குள் எவ்வளவு தள்ளி உட்கார முடியும்? நம் மேஜை மாதிரிதான். அந்த வடிவத்தை இன்றைக்கும் செய்து விற்கிறார்கள், மேஜை ஸ்பீக்கர் விலையில் இல்லை என்பது வேறு.

வாட்ஸும் அப்படித்தான். தொண்ணூறுகளில் இதே தெருவில் ‘1,200 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ (ஒரு கணம் எட்டும் உச்ச சக்தி என்று சொல்லிக்கொள்ளும் கணக்கு) என்று அட்டையில் அச்சடித்து, கையில் தூக்கினால் தேங்காய் கனம்கூட இல்லாத செட்டுகளை விற்றார்கள். நாங்களும் விற்றோம், மறைக்கவில்லை. அந்தப் பழக்கம் இன்னும் நமக்குள் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஆறு டெசிபல் இறங்கும். ஹாலில் மூன்று மீட்டர் தள்ளிக் கேட்பவருக்கு வேண்டிய சத்தம், 80 சென்டிமீட்டரில் கேட்பவருக்குப் பதினாலில் ஒரு பங்கு சக்தியில் கிடைத்துவிடும். பாடல் கேட்க உங்கள் மேஜைக்கு உண்மையான ஐந்து வாட்ஸ் தாராளம். பெட்டியில் 42 என்று போட்டிருந்தால் அது உபரி.

எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, அந்தத் தம்பி இருந்தால் சொல்லியிருக்கக்கூடியதை நான் சொல்கிறேன். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் எடிஃபையர் கம்பெனியின் நாலு அங்குல ஜோடிகள். ஆர்1280டி-யில் மரப் பக்கவாட்டும் பேஸ், ட்ரெபிள் திருகுகளும் உண்டு, வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்கும். எம்ஆர்4 கொஞ்சம் நேர்மையான ஆள், பாடலில் இருப்பதை அப்படியே சொல்லும், பழைய மோசமான எம்பி3-யைப் போட்டால் அதையும் சொல்லிவிடும். இவற்றில் ஆம்ப் (சத்தத்துக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஒரு பெட்டிக்குள் மட்டும், இன்னொன்றுக்கு ஒயர் போகும், எனவே பிளக் பாயின்ட் ஒன்று போதும். கையில் காசும் மேஜையில் இடமும் இருந்தால் யமஹா எச்எஸ்5 அல்லது ஜேபிஎல் 305பி. இரண்டும் ஐந்து அங்குலம், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனித்தனி ஆம்ப். கவனியுங்கள், இவற்றுக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பீஸ் விலைதான் சொல்வார்கள். நெட்டில் பார்த்துவிட்டு “அங்கே பாதி விலை” என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. எனக்கு யமஹாவின் நடு ஒலி பிடிக்கும், வயலினும் குரலும் சுத்தம். ஆனால் அடியில் வறட்சி, கானா கேட்பவருக்கு அதைத் தரமாட்டேன். ஜேபிஎல் அடியில் தாராளம். நிசப்தத்தில் கிட்டப் போனால் ‘ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல் கேட்கும்.

இந்த இரைச்சலை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மூன்று மீட்டர் தள்ளி யாருக்கும் கேட்காது, ஒரு கை தூரத்தில் கேட்கும். எந்தக் கடையில் வாங்கினாலும் பாட்டை நிறுத்தி, ஃபேனையும் ஏசியையும் நிறுத்தச் சொல்லி, உங்கள் வீட்டுத் தூரத்தில் உட்கார்ந்து ஒரு நிமிடம் சும்மா கேளுங்கள். பகலில் ஃபேன் சத்தம் மறைத்ததை ராத்திரி பதினொரு மணி காட்டிக் கொடுக்கும். லேப்டாப் சார்ஜர் சொருகியதும் ‘ஜீ’ என்று வந்து, பிடுங்கியதும் நின்றால் அது ஸ்பீக்கர் கோளாறு இல்லை, எர்த் ஒயர் வழியாக மின்சாரம் சுற்றிக்கொண்டு வருகிறது. முடிந்தால் பேலன்ஸ்டு கேபிள் (வழியில் சேரும் இரைச்சலை ரத்து செய்துவிடும் கேபிள்) போடுங்கள், இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ‘ஜீ’க்காக மட்டும் சென்ற வருடம் ஒன்பது ஜோடிகள் என்னிடம் திரும்பி வந்தன.

பேஸ் பற்றி ஒரே வார்த்தை. பேஸ் கித்தாரின் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். நாலு அங்குல வூஃபர் அதை முழுசாகத் தராது, தரும் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் வியாபாரி. அதோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் ஸ்வரங்களைக் கேட்டு மூளை மீதியை நிரப்பிக்கொள்ளும், பெரும்பாலும் அது போதும்.

அந்தத் தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் இருந்தார். நீங்கள் வாசலில் நுழையும்போதே போன முறை என்ன பாட்டுப் போட்டுக் கேட்டீர்கள் என்று சொல்வார். பெங்களூரில் ஸ்டூடியோ வேலை கிடைத்தது. நான் கொடுத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். போ என்று நானே சொன்னேன், மறுநாள் மாடியைத் திறந்தபோதுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இப்போது டெமோவுக்கு நானே உட்காருகிறேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்பதில்லை. மேல் சத்தத்தில் சந்தேகம் வந்தால் கல்லூரியில் படிக்கும் என் மகளைக் கூப்பிடுவேன், அவள் சொல்வதை நம்பலாம். எனவே மாடி அறை சனி, ஞாயிறு மட்டும், முதல் நாளே போன் செய்துவிட்டு.

2015 டிசம்பரில் சைதாப்பேட்டைக் குடோனில் தண்ணீர் புகுந்தபோது நனைந்த பெட்டிகளை வெயிலில் அடுக்க உங்களில் ஏழெட்டுப் பேர் லீவு போட்டுவிட்டு வந்தீர்கள். அட்டை மட்டும் நனைந்து உள்ளே நன்றாக இருந்த சரக்கை, குறைத்துக் கொடுக்கிறேன் என்றும் கேட்காமல் முழு விலைக்கு வாங்கிக்கொண்டு போனீர்கள். 2020 ஊரடங்கில் சரக்கு எப்போது வரும் என்று எனக்கே தெரியாதபோது முன்பணம் அனுப்பினீர்கள், அதில் ஆறு மாத வாடகை கட்டினேன். அந்த ஆடியோ வந்த அன்று ராத்திரி “அண்ணே, நாங்க இருக்கோம்” என்று வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பழைய வாடிக்கையாளர்கள் வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்துக் கொடுக்க முன்போலவே கூலி இல்லை, அண்ணா நகரிலிருந்து அடையாறு வரை நானே வருகிறேன். பிரித்த பெட்டிகளுக்கு இருந்த பத்து நாள் மாற்று வசதி இந்த மாதம் முதல் இல்லை. வாரண்டி அப்படியே.

வரும்போது மேஜையின் நீளம், ஆழம், சுவரிலிருந்து தூரம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். நீங்கள் நூறு தடவை கேட்ட பாட்டு ஒன்றை பென்டிரைவில் போட்டுக்கொண்டு வாருங்கள், கடையில் இருக்கும் பளபளப்பான டெமோ பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் பாடும். பஜார் கூட்டம் சேரும் முன் காலை பதினொன்றுக்குள் வந்தால் நிதானமாகக் கேட்கலாம். மாடிப் படியில் நாலாவது படி உடைந்திருக்கிறது, கொத்தனார் வருகிறேன் வருகிறேன் என்கிறார். பார்த்து ஏறுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் கடைக்காரர்
மீரான் சாகிப் தெரு முனை, சென்னை