கொடைக்கானல் ஏரிச்சாலைக் குதிரைகள்: நம் சவாரிக் குதிரைக்காரர் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, லாயத்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் அண்ணன் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு துக்கம். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தை மாதம் காலமானார். சாலையே இல்லாத வெள்ளகெவி கிராமத்துக்கு வட்டக்கானல் வழியாகப் பொதிக்குதிரை ஓட்டியவர். இறக்கத்தில் கயிற்றை இழுக்காமல் குதிரையின் தோள் பக்கம் நடந்தே கூட்டிப்போவார். நம்மில் பாதிப் பேர் அவரிடம் தொழில் பழகியவர்கள். எழுந்து நின்று ஒரு நிமிடம் அஞ்சலி செலுத்துவோம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. தீர்மானங்கள் பதிவேட்டில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சீசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது இணைய அனுமதிச் சீட்டு, வந்தது. அந்த முதல் வாரத்தில் நம்மில் பலர் கொள்ளும் தவிடும் கடனுக்கு வாங்கினோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. 2025 ஏப்ரல் 1 முதல் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு வந்தது. பிழைப்பு போச்சு என்று கூட்டத்தில் பலர் வருந்தினீர்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. நெரிசலில் ஹாரன் சத்தத்துக்கு மிரளும் குதிரை மேல் எந்தத் தகப்பன் பிள்ளையை ஏற்றுவான்? சாலை அடங்கினால் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ரவுண்டை நிதானமாகக் கூட்டிப் போகலாம்.

ஐப்பசி மழையில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். ஈரத் தார்ச்சாலையில் நம் உறுப்பினர் ஒருவரின் செவலைக் குதிரை வழுக்கி முன்னங்கால் மடங்கி விழுந்தது. மேலே இருந்த பையனுக்கு முழங்கை சிராய்ப்பு, அதோடு தப்பினான். குதிரைக்கு முட்டித் தோல் கிழிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அது எழ முயன்று முயன்று சறுக்கியதைச் சுற்றி நின்ற பிள்ளைகள் பார்த்து அழுதார்கள். சாக்கைக் காலடியில் விரித்துத்தான் எழுப்பினோம். குளம்பைத் தூக்கிப் பார்த்தால் லாடம் தகடாகத் தேய்ந்து, ஆணித்தலை ஒன்றுகூட மிச்சமில்லை. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் மாற்ற வேண்டிய லாடம் மூன்று மாதத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. சீசன் மந்தம், கையில் காசில்லை என்றார். சங்கத்திடம் கேட்டிருக்கலாமே என்று எனக்கு ஆறவே இல்லை. அதன் பிறகுதான் லாடப் பதிவேடு தொடங்கினோம். ஒவ்வொரு குதிரைக்கும் லாடம் அடித்த தேதி அதில் ஏறும். தேதி தாண்டிய குதிரை வரிசையில் நிற்காது. காசு இல்லாதவருக்குச் சங்கம் முன்பணம் தரும்.

அடுத்தது பாரம். 1965ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்கு வதைத் தடுப்பு விதிகளில் மட்டக்குதிரைக்கு 70 கிலோ பொதிதான் வரம்பு. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஓய்வில்லாமல் 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்றும் இருக்கிறது. முள் வைத்த கடிவாளத்துக்கும் தடை. பொதிக்குச் சொன்ன கணக்கைச் சவாரிக்கும் வைத்துக்கொள்வோம் என்பது செயற்குழு முடிவு. கனத்த ஆள் வந்து கூடுதல் பணம் தருகிறேன் என்றாலும் மட்டக்குதிரையில் ஏற்றாதீர்கள். காலையில் சேணம் போடும் முன் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். சூடாக, வீங்கியிருந்தால் அங்கே புண் வரப்போகிறது. கம்பளிக்கடியில் சேணப்புண்ணை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடந்த ஒரு குதிரையை மாசியில் நானே பார்த்தேன். கம்பளியை உரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது.

சாணி விஷயத்தில் நமக்குக் கெட்ட பெயர் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஓடைகளுக்கு அணை போட்டு உண்டாக்கிய ஏரி இது. இங்கிருந்து வழியும் நீர்தான் கீழே வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. மழையில் சாலையோரச் சாணி எங்கே போய்ச் சேரும் என்பது நமக்குத் தெரியாததா? புரட்டாசி முதல் முறை போட்டு அள்ளுகிறோம். பூண்டுத் தோட்டக்காரர்கள் மூட்டைக்குச் சொல்லி வைத்து எடுத்துப் போகிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டுக்கு நம் குதிரைச் சாணி போகிறது என்பதில் எனக்கு மனசு நிறைவு.

கல்யாண ஊர்வலச் சாரட் போல வண்டி கட்டி ஏரியைச் சுற்றலாம் என்று இளைஞர்கள் சிலர் மனு கொடுத்தார்கள். ஆசை நல்ல ஆசைதான். மேலே சொன்ன 1965 விதிகளின்படி வண்டிக்காரரும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் போக நாலு பேர்தான் ஏறலாம். கூட்ட நாளில் அதைக் காப்பாற்ற நம்மால் முடியுமா என்பது முதல் சந்தேகம். ஈரச்சாலையில் தனிக்குதிரையே சறுக்குகிறது, பின்னால் வண்டி தள்ளினால் அதன் கால் என்னாகும்? சாலையில் காட்டெருமை குறுக்கே வந்தால் சவாரிக் குதிரையைத் திருப்பிவிடலாம், வண்டி பூட்டிய குதிரையைத் திருப்ப இடம் இராது. மனு தள்ளி வைக்கப்பட்டது. காட்டுப்பாதையில் சவாரி கேட்ட மனுவுக்கும் இதே முடிவு. 2013 முதல் சுற்றிலும் வனவிலங்கு சரணாலயம், அங்கே நமக்கு வேலை இல்லை.

கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய்க்கான பரிசோதனை முகாமுக்குச் சிலர் குதிரையை ஓட்டி வரவில்லை. மன்னிக்கவும், இதைக் கடுமையாகவே சொல்கிறேன். அந்த நோய் மனிதனுக்கும் ஒட்டும், தடுப்பூசி கிடையாது, நோய் கண்ட குதிரையைக் கொல்வதைத் தவிர வழியில்லை. ஒரு குதிரையை ஒளித்தால் நம் எல்லார் லாயத்துக்கும், குழந்தைகளுக்கும் ஆபத்து. ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தையில் வாங்கி வருகிறவர்கள் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை புதுக்குதிரையைத் தனியே கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியும் தனி. ராத்திரியில் குதிரையை அவிழ்த்து விடும் வழக்கமும் நிற்க வேண்டும்.

மக்காச்சோளமும் பிரட்டும் சுற்றுலாப் பயணிகள் ஊட்டியதால் வயிற்றுவலி கண்டு ஒரு குதிரை இறந்தது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான். ஊட்ட வருகிறவர்களிடம் அன்பாக மறுத்துச் சொல்லுங்கள்.

முகாம் நடத்திய கால்நடை மருத்துவர்களுக்கும், மழையிலும் மலையேறி வரும் லாடக்காரருக்கும் சங்கத்தின் நன்றி. அவர் வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வருகிறார். தேதி தாண்டிய குதிரைகளின் பட்டியல் பலகையில் ஒட்டியிருக்கிறது. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்