எங்கள் கைகளைப் பார்க்க ஒருவர் வேண்டும்: இயன்முறை மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும், மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவத் துறையை நடத்திவரும் மூத்தவர்களுக்கும்,

வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் சுயநிதிக் கல்லூரியில் பி.பி.டி., அதாவது இயன்முறை மருத்துவ (பிசியோதெரபி) இளநிலைப் பட்டம், படித்தவள் நான். நான்கு ஆண்டு படிப்பு, ஆறு மாத இன்டர்ன்ஷிப் என்று நாலரை ஆண்டு முடிந்து, போன மாதம்தான் சான்றிதழ் கைக்கு வந்தது. அந்தக் கடைசி ஆறு மாதத்தைப் பற்றித்தான் இந்த மடல். நடுவிலேயே எழுதியிருக்க வேண்டும். செய்த பயிற்சியைப் பதிந்து மூத்தவரிடம் ஒப்பம் வாங்கும் லாக்புக்கில் கையெழுத்து பாக்கி இருந்ததால் பயந்து தள்ளிப்போட்டேன். இப்போது எனக்குப் பின்னால் வருகிறவர்களை நினைத்து எழுதுகிறேன்.

இறுதியாண்டுத் தேர்வு முடிவு வந்த மறுநாள் எங்களைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள். 'இந்த மாணவிக்கு ஆறு மாதம் பயிற்சி அளிக்க வேண்டுகிறோம்' என்று நான்கு வரி, கீழே முத்திரை. எந்த மருத்துவமனைக்கு என்ற இடம் காலி. "உங்க ஊர்ப் பக்கத்திலேயே பார்த்துக்கோங்க. முடிச்சுட்டு சீல் வாங்கிட்டு வந்தா போதும்" என்றார்கள். சொன்னவர்கள் மோசமானவர்கள் இல்லை. நான்கு வருடம் அக்கறையாகப் பாடம் நடத்தியவர்கள். ஆனால் வகுப்பறை முடிந்ததோடு தங்கள் பொறுப்பும் முடிந்தது என்று எண்ணிவிட்டார்கள்.

அந்தக் கடிதத்தோடு மூன்று வாரத்தில் பதினொரு மருத்துவமனை ஏறி இறங்கினேன். சில இடங்களில் வாசல் காவலரைத் தாண்டவே முடியவில்லை. ஒரு இடத்தில், உங்கள் கல்லூரியோடு எங்களுக்கு ஒப்பந்தம் இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் ஏற்கெனவே பதினெட்டு பேர் இருந்தார்கள். ஒரு பெரிய மருத்துவமனையில் இடம் இருந்தது, ஆனால் மாதம் மூவாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். அப்பா மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவர். கல்லூரிக் கட்டணத்துக்கு வாங்கிய கடனே இன்னும் அடைபடவில்லை. வேலை செய்யப் போகிற இடத்தில் நாம் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கடைசியில் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலம் ஒரு தனியார் மருத்துவமனையில் இடம் கிடைத்தது. சேர்ந்த அன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன்.

அங்கே மூன்று மாதம் இருந்தேன். காலை எட்டரைக்கு இன்சார்ஜ் சார் வருவார், நோயாளிகளின் சீட்டைப் பார்த்து, இவருக்கு ஐ.எஃப்.டி. (வலியைக் குறைக்க மெல்லிய மின்னோட்டம்), இவருக்கு அல்ட்ராசவுண்ட் (ஒலி அலைச் சிகிச்சை), இந்த அம்மாவுக்கு வேக்ஸ் (சூடான மெழுகு ஒத்தடம்) என்று பிரித்துக் கொடுப்பார், ஒன்பதரைக்குள் தன் சொந்த கிளினிக்குக்குக் கிளம்பிவிடுவார். பிறகு சாயங்காலம்வரை நாங்கள் ஏழு இன்டர்ன்கள்தான் அந்தத் துறை. பேடு ஒட்டுவோம், டைமர் திருப்புவோம், மணி அடித்தால் கழற்றிவிட்டு அடுத்தவருக்கு ஒட்டுவோம். ஒரு நாளைக்கு முப்பது பேர், நாற்பது பேர். அவர்கள் எங்களை டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். முதல் வாரம் அது சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அந்த வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கியது.

இரண்டாவது மாதம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாம் நாளில் இருந்த ஒரு பாட்டிக்கு காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். போனேன். "பாப்பா, கெண்டைக்கால் ராத்திரியெல்லாம் இழுத்து வலிக்குது, கொஞ்சம் தேய்ச்சு விடேன்" என்றார். அறுவை செய்த கால் வீங்கித்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கெண்டைக்காலில் கை வைத்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா திரும்பிப் பார்த்து, "கையை எடு" என்றார். கெண்டைச் சதை மட்டும் தனியாகப் புடைத்து, தொட்டால் சூடாக இருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் காலின் ஆழத்தில் இருக்கும் சிரையில் (ரத்தக் குழாயில்) ரத்தம் உறைந்திருந்தது. டி.வி.டி. என்று நாங்கள் சொல்வோமே, அதுதான். தேய்த்துவிட்டிருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

டி.வி.டி. பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. மூன்றாம் ஆண்டுத் தேர்வில் அதற்கு ஒரு பக்கம் பதில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எழுதியது மூளையில் இருந்தது, கைக்கு இறங்கவில்லை. அதை இறக்கி வைக்கத்தான் இன்டர்ன்ஷிப். அந்த அறையில் எனக்குப் பின்னால் ஒரு மூத்த பிசியோதெரபிஸ்ட் நின்றிருந்தால், தொடும் முன்பே "இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டிருப்பார். அன்று பாட்டியைக் காப்பாற்றியது நர்ஸ் அக்கா தற்செயலாக அங்கே இருந்தது. என் பயிற்சிக்கு அதில் பங்கே இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள் என்றால் 26 வாரத்தில் 1,248 மணி நேரம். அதில் பாதி, 624 மணி நேரம், அந்த மருத்துவமனையில் போனது. அந்த 624-இல் ஒரு மூத்தவர் பக்கத்தில் நின்று என் கை என்ன செய்கிறது என்று பார்த்த நேரத்தைக் கூட்டினால் பத்து மணிகூடத் தேறாது. லாக்புக்கில் மட்டும் எல்லாப் பக்கத்திலும் 'மேற்பார்வையில் செய்யப்பட்டது' என்ற வரிக்கு நேராகக் கையெழுத்து இருக்கிறது, ஒரே மாலையில் ஒரே பேனாவில் போட்டது.

அடுத்த மூன்று மாதம் நான் கேட்டு மாறிப் போன இடம் ஒரு சிறிய அறக்கட்டளை மருத்துவமனை. அங்கே மெஷின்கள் குறைவு. ஆனால் ஒரு மேடம் இருந்தார், அவருக்குக் கீழே நாங்கள் மூன்றே பேர். முதல் வாரம் எதையும் தொடவிடவில்லை, பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னார். இரண்டாவது வாரம் என் கைமேல் தன் கையை வைத்துச் செய்தார். பக்கவாதம் வந்த ஒருவரைப் படுக்கையிலிருந்து உட்காரவைக்க நான் அவருடைய செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கப் போனபோது, "தோளைத் தாங்கிப் பிடிக்கிற தசைக்கு இப்போ வலு இல்லை, இழுத்தா மூட்டு நழுவிடும்" என்று சொல்லி, என் உள்ளங்கையை எடுத்துத் தோள்பட்டை எலும்புக்கு அடியில் வைத்தார். எவ்வளவு அழுத்தம், எந்தக் கோணம் என்று புத்தகத்தில் வாசித்து வராதது அந்த ஒரு நிமிடத்தில் வந்தது. பிறகு நான் செய்ய அவர் பார்த்தார். கடைசி மாதம் தனியாக விட்டார், ஆனால் மாலையில் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி நேரம் மூன்று பேரும் ஆளுக்கொரு கேஸ் எடுத்துப் பேசுவோம். "கையைப் பார்க்காதே, நோயாளி முகத்தைப் பாரு. வலி முதல்ல அங்கேதான் தெரியும்" என்று அவர் சொன்னதை இன்றும் ஒவ்வொரு நோயாளியிடமும் நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு இடமும் சீலும் மட்டும் போதவில்லை, மேற்பார்வை செய்யும் ஒரு ஆள் தேவைப்பட்டார் என்பதை அந்த மூன்று மாதத்தில்தான் புரிந்துகொண்டேன். அந்த ஆளைத் தேடிப் பிடிப்பது கல்லூரியின் வேலை. பரீட்சை முடித்த இருபத்திரண்டு வயதுப் பெண் பஸ் ஏறி வாசல் வாசலாகக் கேட்டுச் செய்கிற வேலை இல்லை அது.

நம் தொழில் இந்த மண்ணில் வளர்ந்த விதமே இதைச் சொல்கிறது. வேலூரில் 1940-களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) மாற்று அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்த தசைநாணை எடுத்து விரலோடு சேர்க்கும் சிகிச்சை அது. சேர்த்துவிட்டால் விரல் தானாக அசைந்துவிடாது. அந்தத் தசைக்குப் புது வேலையைப் பழக்க வேண்டும், வாரக்கணக்கில், ஒவ்வொரு விரலாக. கத்தி பிடித்தவரின் உழைப்பு வீணாகாமல் பார்த்துக்கொண்டது பயிற்சி கொடுத்தவரின் கை. 1954-இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து வேலூரில் அதற்கென ஒரு துறையையே உருவாக்கினார். வேலூரின் பாகாயம் பகுதியில் 1966-இல் திறந்த மறுவாழ்வு நிலையம் அந்த உழைப்பில் வந்தது. இப்படிப்பட்ட வேலையை யாரும் மெஷினுக்கு டைமர் திருப்பிக் கற்றுக்கொள்ள முடியாது.

இப்போது அவசரமாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021-இல் வந்த துணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் நம் தொழிலுக்கு நாடு முழுவதற்குமான ஒரு அடையாளத்தைக் கொடுத்தது. அந்த ஆணையம் 2025-இல் வெளியிட்ட பாடத்திட்டத்தில் பி.பி.டி. ஐந்து ஆண்டு, அதில் ஓராண்டு இன்டர்ன்ஷிப். நான் இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் காலத்தை மட்டும் நீட்டி, மேற்பார்வையை இப்படியே விட்டால் என்ன ஆகும்? நான் தனியாக நின்ற 624 மணி நேரம் என் தங்கைகளுக்கு 1,248 ஆகும், சிலருக்கு முழு ஆண்டும் ஆகும். சம்பளம் இல்லாமல் ஓராண்டுக்கு ஆட்கள் கிடைப்பார்கள் என்று கணக்குப் போடுகிற மருத்துவமனைகளுக்குத்தான் அது வசதி.

ஆகவே முதல்வர்களே, இறுதியாண்டு தொடங்கும்போதே எந்தெந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், யார் மேற்பார்வை என்று பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு மேற்பார்வையாளருக்கு இத்தனை இன்டர்ன்தான் என்று எழுதி வாங்குங்கள். என் அனுபவத்தில் மூன்று நன்றாக இருந்தது, ஐந்துகூடச் சமாளிக்கலாம், ஏழு பேருக்கு ஒரு மணி நேரம் வந்துபோகிற ஒருவர் என்பது மேற்பார்வையே இல்லை. எலும்பு, நரம்பு, இதய நுரையீரல், குழந்தைகள் என்று சுற்றி வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். என்னோடு படித்த ஒருத்தி ஆறு மாதமும் ஒரே அறையில் முதுகு வலிக்கு மட்டும் மெஷின் வைத்தாள், தீவிர சிகிச்சைப் பிரிவின் உள்ளே போனதே இல்லை. இன்று அவளுக்கு அங்கேதான் வேலை கிடைத்திருக்கிறது, பயந்துபோய் எனக்கு ராத்திரி போன் செய்கிறாள்.

பாதியில் ஒரு முறையாவது கல்லூரியிலிருந்து ஒரு ஆசிரியர் நேரில் வந்து பாருங்கள். போன் போதாது. இன்சார்ஜ் பக்கத்தில் இருக்கும்போது 'எல்லாம் நல்லாருக்கு சார்' என்றுதான் நாங்கள் சொல்வோம்.

சமூகப் பயிற்சிக்கு இடம் இல்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். கயிற்றுக் கட்டிலில், மண் தரையில், பிடித்து நடக்கப் பழகும் இரட்டைக் கம்பி (பேரலல் பார்) இல்லாத வீட்டில், ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கப் பழக்குகிற வேலை அது. அரசிடம் முறையாக அனுமதி கேட்டு ஒரு மாதம் அவர்களோடு எங்களை அனுப்பலாமே. எங்களில் பலர் திரும்பிப் போகப்போவது அந்த மாதிரி ஊர்களுக்குத்தான்.

மருத்துவமனைத் துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களிடம் பணம் வாங்காதீர்கள். எம்.பி.பி.எஸ். பயிற்சி மருத்துவர்களுக்கு உதவித்தொகை என்பது நாடறிந்த நடைமுறை. அதே கட்டிடத்தில், அதே நோயாளியோடு, அதே எட்டு மணி நேரம் நிற்கிறோம். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்குமாவது கொடுங்கள். கற்றுக்கொடுக்க நேரம் இல்லை என்று நீங்கள் சொல்வதும் எனக்குப் புரிகிறது, நாற்பது நோயாளிக்கு இரண்டே ஸ்டாஃப் வைத்தால் நேரம் எங்கிருந்து வரும்? அப்படியென்றால் 'இந்த ஆண்டு இரண்டு பேருக்குத்தான் முடியும்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இருக்காது. கையெழுத்தை மட்டும் பார்க்காமல் போடாதீர்கள். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் அடுத்த மருத்துவமனை எங்களை நோயாளியிடம் தனியாக விடுகிறது.

என் கல்லூரியில் இறுதியாண்டில் இருக்கிற நான்கைந்து பேர் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: "அக்கா, எந்த ஆஸ்பத்திரியில கேட்கலாம்?" பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பே போய்க் கேள், எத்தனை படுக்கை என்று கேட்காதே, என் மேற்பார்வையாளர் யார், அவர் எத்தனை மணிவரை இருப்பார், வாரம் ஒரு முறையாவது கேஸ் பேசுவாரா, பணம் கேட்பார்களா என்று கேள் என்று சொல்லியனுப்புகிறேன். அந்த மேடத்திடமும் பேசினேன். அடுத்த ஆண்டும் மூன்று பேரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எங்கள் வகுப்பில் மட்டும் நாற்பது பேர் இருந்தோம். மீதி முப்பத்தேழு பேருக்கான பட்டியலை நீங்கள்தான் தர வேண்டும், ஐயா.

மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் மாணவி ஒருத்தி