செயலாளர் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, கோடைகால ஒன்றுகூடல் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. படங்களை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், அதனால் நீட்டவில்லை. வரவு செலவைப் பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார். சங்கத்தில் இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது, சண்டை போடப்பட்டது என்றே சொல்லலாம், வரலாற்று வட்டத்தின் வேலைதான். அறிக்கையில் பெரும் பகுதியை அதற்கே கொடுத்திருக்கிறேன்.

வட பிரான்சில் நாம் குடியிருக்கும் மண் முதல் உலகப் போரின் போர்முனை. வீடு கட்டத் தோண்டினாலும், குழாய் பதித்தாலும், சர்க்கரை பீட் வயலை உழுதாலும் ஏதாவது மேலே வரும். இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு இது அன்றாடக் காட்சி. உழவர்கள் வயலில் கிடைத்த பீரங்கிக் குண்டுகளை வரப்போரம் அடுக்கி வைத்துவிட்டு டிராக்டரை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அதைப் பார்த்துப் பழகுவதுதான் ஆபத்து.

வசந்தகாலத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். விமி பக்கம் வசிக்கும் நம் உறுப்பினர் ஒருவர் வேலி போடக் குழி தோண்டும்போது துருப்பிடித்த குண்டு ஒன்று தட்டுப்பட்டது. அவர் அதைப் படம் எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். வந்த முதல் பதில், "தூக்கிப் பாருங்க, எவ்வளவு கனம் இருக்குன்னு." நல்ல வேளை, அவர் மனைவி அந்தப் பதிலைப் பார்ப்பதற்கு முன்பே மேயர் அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டார். குண்டு அகற்றும் படையினர் வந்து எடுத்துப்போனார்கள். பதில் போட்டவர் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை, அவருக்கே தெரியும்.

நூறு ஆண்டு ஆனால் குண்டு செத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2014 மார்ச்சில் பெல்ஜியத்தின் இப்ரெஸ் நகரில் கட்டுமான வேலை நடந்த இடத்தில் அந்தக் காலக் குண்டு வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். இதே விமியில், அகற்றிய குண்டுகளைச் சேர்த்து வைத்திருந்த கிடங்கில் நச்சுவாயுக் குண்டுகள் கசியும் நிலைக்கு வந்ததால் 2001 ஏப்ரலில் சுற்றுவட்டாரத்தில் 12,000-க்கும் மேற்பட்டோரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். மேலே துருப்பிடித்திருக்கும், உள்ளே இருக்கும் மஸ்டர்டு வாயு அப்படியே இருக்கும். கண்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், மேயர் அலுவலகத்துக்கோ காவல்துறைக்கோ சொல்லுங்கள்.

சரி, பயணங்களுக்கு வருகிறேன்.

ஆராஸ் அருகே போரேனில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பணிமனை இருக்கிறது. 2019-லிருந்து பொதுமக்களும் உள்ளே போய்ப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. கல்லறைக் கற்களைச் செதுக்குவதைப் பார்க்கத்தான் போனோம். ஆனால் எல்லோரும் அதிக நேரம் நின்றது, கண்டெடுத்த உடல்களைக் கையாளும் பிரிவைப் பற்றிய பகுதியில். வயலிலோ சாலை வேலையிலோ எலும்பு கிடைத்தால் இந்தப் பிரிவினர்தான் போகிறார்கள். எலும்பைவிட அதோடு கிடப்பவற்றை உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். பூட்ஸ் எந்த நாட்டுத் தைப்பு, தோள்பட்டையில் எந்தப் படைப்பிரிவின் பித்தளை எழுத்து, பொத்தானில் என்ன சின்னம் என்று ஒவ்வொன்றாகத் தேடுவார்கள். சிப்பாய்கள் ஸ்பூனில் தங்கள் எண்ணைப் பொறித்து வைத்திருப்பதுண்டு. அப்படி ஒரு ஸ்பூனை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்க முடியும்.

கழுத்தில் அடையாள வில்லை இருக்குமே என்று பிள்ளைகள் கேட்டார்கள். போரின் முதல் பாதியில் பிரிட்டிஷ் சிப்பாய்க்கு ஒரே ஒரு வில்லைதான். இறப்பைப் பதிவு செய்ய அதைக் கழற்றிக்கொண்டு போனால் உடல் பெயரில்லாமல் கிடக்கும். 1916 செப்டம்பரில்தான் இரண்டு வில்லை முறை வந்தது. சிவப்பு வட்டத்தை எடுத்துக்கொண்டு பச்சை எண்கோணத்தை உடலோடு விட வேண்டும். ஆனால் அவை அழுத்திய நாரால் செய்தவை. இந்த ஈர மண்ணில் எத்தனை ஆண்டு தாங்கும்? ஜெர்மானியர் பின்னாளில் துத்தநாகத்தில், நடுவில் துளை வரிசையோடு, பாதியாக உடைக்கும்படி செய்தார்கள். அதனால்தான் ஜெர்மன் உடல்களுக்குச் சில நேரம் பெயர் கிடைத்துவிடுகிறது. சொம் போரில் காணாமல் போனவர்களுக்கான தியெப்வால் நினைவுச் சின்னத்தில் மட்டும் 72,000-க்கும் அதிகமான பெயர்கள் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அத்தனை பேருக்கும் தெரிந்த கல்லறை கிடையாது.

ஃபுரோமெல் என்ற கிராமத்துக்குப் போன பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் வந்த விவாதமெல்லாம் அங்கேதான் தொடங்கியது. 1916 ஜூலை 19 மாலை தொடங்கி மறுநாள் காலைக்குள் ஆஸ்திரேலியப் படை அங்கே 5,533 பேரை இழந்தது, இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து. தங்கள் போர்முனைக் கோட்டுக்குப் பின்னால் கிடந்த உடல்களை ஜெர்மானியர் ஒரு காட்டோரம் பெரிய குழிகளில் புதைத்தார்கள். பல அடையாள வில்லைகளைச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகத் திருப்பியும் அனுப்பினார்கள். போருக்குப் பிறகு அந்தக் குழிகள் யார் கண்ணிலும் படவில்லை. மெல்பர்னில் ஆசிரியராக இருந்த லாம்பிஸ் எங்லெசோஸ் என்பவர் கல்லறைக் கணக்கையும் இறந்தோர் கணக்கையும் ஒப்பிட்டு, ஆட்கள் குறைகிறார்களே என்று பல ஆண்டு நச்சரித்தார். நச்சரித்தார் என்பதுதான் சரியான சொல், அதிகாரிகள் முதலில் நம்பவில்லை. 2008-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத் தொல்லியல் குழு சோதனைக் குழி போட்டு உறுதி செய்தது. 2009-ல் முழுதாகத் தோண்டி 250 உடல்களை எடுத்தார்கள். 2010 ஜூலையில் அவர்களுக்கென்று புதிய கல்லறைத்தோட்டம் திறக்கப்பட்டது. உறவினர்களின் டிஎன்ஏ மாதிரிகளை ஒப்பிட்டு இதுவரை 170-க்கும் மேற்பட்டோருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது.

அந்தக் குழியில் கிடைத்தவற்றில் ஒரு ரயில் டிக்கெட்டும் உண்டு. ஃப்ரீமேன்டிலிலிருந்து பெர்த் போகும் ரிட்டர்ன் டிக்கெட், திரும்பும் பாதி மட்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் கப்பல் ஏறியவர் ஊர் திரும்பும்போது தேவைப்படும் என்று வைத்திருந்திருக்கிறார். கூட வந்த பிள்ளைகள் அன்று அதிகம் பேசியது இதைப் பற்றித்தான்.

நூவ் ஷபெல்லுக்கும் போய் வந்தோம். 1915 மார்ச்சில் இந்தியப் படை போரிட்ட இடம். 1927-ல் திறந்த நினைவுச் சின்னத்தில், கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் உள்ளன. அதன் அருகே, ரிஷ்பூர் பக்கம் 2016-ல் இரண்டு உடல்கள் கிடைத்தன. தோள்பட்டைச் சின்னத்தில் இருந்த 39 என்ற எண்ணை வைத்து அவர்கள் 39-ஆவது கார்வால் ரைஃபிள்ஸ் படையினர் என்று தெரிந்தது. 2017 நவம்பரில் லாவான்டி கல்லறைத்தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பெயர் கிடைக்கவில்லை. நூவ் ஷபெல் சுவரில் எங்கோ அந்த இருவர் பெயரும் இருக்கத்தான் வேண்டும், எதுவென்று சொல்ல ஆளில்லை. ஆனால் அந்தச் சின்னத்தை யாராவது முன்பே பொறுக்கிப் போயிருந்தால் அவர்கள் இந்தியர் என்பதே தெரியாமல் போயிருக்கும். அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் உறுப்பினர்களில் புதுச்சேரி வழி வந்தவர்கள் பலர். பிரெஞ்சு இந்தியாவிலிருந்து இந்தப் போருக்கு வந்து இறந்தவர்களுக்கான நினைவிடம் அங்கே கடற்கரைச் சாலையில் இருப்பதை எல்லோரும் அறிவோம். அந்தப் பெயர்களை இங்குள்ள பதிவுகளோடு ஒப்பிடும் வேலையை இரண்டு பேர் ஏற்றிருக்கிறார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

இனி மெட்டல் டிடெக்டர் விவகாரம். இலையுதிர் காலக் கூட்டத்தில் சில இளைஞர்கள், சங்கப் பணத்தில் இரண்டு கருவி வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் வயல்களில் தேடலாம், கிடைப்பதை வைத்துச் சிறு காட்சி அமைக்கலாம் என்றார்கள். ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிரான்சில் வரலாற்று, தொல்லியல் பொருள் தேட இந்தக் கருவியைப் பயன்படுத்த அரசின் மாவட்டத் தலைமை அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும், நிலக்காரர் சம்மதமும் வேண்டும். 1989-லிருந்து சட்டம் அப்படித்தான். நம் சங்கம் பிரான்சின் 1901-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி பதிவானது. காவல்துறை கேட்டால் பதில் சொல்லப்போவது தலைவரும் நானும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் என் எதிர்ப்பு மாறாது. ஆலன் மேதர் என்ற ஆஸ்திரேலியச் சிப்பாயின் கதையை அன்று சொன்னேன். 1917 ஜூனில் பெல்ஜியத்தின் மெசின் என்ற ஊரில் நடந்த போரில் இறந்தவர். 2008-ல் பெல்ஜியத்தில் தொல்லியல் குழு அவர் உடலைக் கண்டெடுத்தது. முதுகுப்பையில் கூர்முனை வைத்த ஜெர்மன் தலைக்கவசம் இருந்தது, ஊருக்குக் கொண்டுபோக எடுத்து வைத்த நினைவுப் பொருள். கருவியோடு வந்த ஒருவர் அந்தத் தலைக்கவசத்தை மட்டும் தோண்டி எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சந்தையில் நல்ல விலைக்குப் போயிருக்கும். கீழே கிடந்த எலும்பை ஜெர்மன்காரருடையது என்று நினைத்திருப்பார்கள், அல்லது மூடிவிட்டுப் போயிருப்பார்கள். குழு மொத்தத்தையும் கிடந்தபடியே பார்த்ததால் ஆஸ்திரேலியச் சின்னங்கள் கிடைத்தன. எலும்பில் படிந்த தனிமங்களை ஆராயும் ஐசோடோப்புச் சோதனை அவர் வளர்ந்த பகுதியைக் காட்டியது, டிஎன்ஏ பெயரை உறுதி செய்தது. 2010-ல் பெயர் பொறித்த கல்லின் கீழ் அடக்கமானார். பொருளை எலும்பிலிருந்து பிரித்தால் பெயர் போய்விடும் என்பதுதான் என் வாதம்.

அன்று ஒரு மூத்த உறுப்பினர் எதிர்க்கேள்வி கேட்டார். வாட்டர்லூவில் 1815-ல் ஆயிரக்கணக்கில் செத்தார்களே, இன்று எலும்புக்கூடு கிடைப்பதே அபூர்வம், 1830-களில் அவற்றைத் தோண்டி, சர்க்கரையை வெளுக்கும் எலும்புக்கரிக்காகச் சர்க்கரை ஆலைக்குக் கொடுத்தார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், ஐரோப்பாவே அப்படிச் செய்தபோது நம் இளைஞர் ஒரு பொத்தானை எடுத்தால் என்ன? சிரித்துவிட்டோம். ஆனால் அந்த எலும்புகளுக்கு இனி யாராலும் பெயர் கொடுக்க முடியாது என்பதும் அதே உதாரணத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு கேள்விக்கு எங்களிடம் ஒருமித்த பதில் இல்லை. தோண்டத்தான் வேண்டுமா? ஷெமென் தே தாம் பகுதியில் வின்டர்பெர்க் சுரங்கம் என்று ஒன்று. 1917 மே 4 அன்று நுழைவாயிலில் குண்டு விழுந்து வழி மூடி, உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் சிக்கினார்கள், மூவர்தான் உயிரோடு வந்தார்கள். 2020-ல் சிலர் அனுமதியில்லாமல் இயந்திரம் வைத்துத் தோண்டி வாயிலைக் கண்டுபிடித்தார்கள். பிறகு அதிகாரிகள் முயன்று பார்த்து, கடைசியில் உடல்களை அங்கேயே விட்டு நினைவிடமாக்க முடிவு செய்தார்கள். அல்சாஸில் கார்ஸ்பாக் அருகே நடந்தது வேறு. 1918 மார்ச்சில் பதுங்குமிடம் இடிந்து புதைந்த 21 ஜெர்மானியரை 2011-ல் வெளியே எடுத்து எல்லோருக்கும் பெயர் கண்டார்கள், பாலுக்கு வைத்திருந்த ஆட்டின் எலும்பும் கூடவே கிடைத்தது. சாலை வருகிறது, அதனால் எடுத்தார்கள். வின்டர்பெர்க் மேல் எதுவும் வரப்போவதில்லை. எனக்கு இரண்டுமே சரி என்று படுகிறது. துணைத் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை, எல்லோரையும் எடுக்க வேண்டும் என்கிறார். அவர் கருத்தையும் பதிவு செய்கிறேன்.

கட்டுமானம் வரும் இடத்தில் தேர்வே கிடையாது. லான்ஸ் நகரின் புதிய மருத்துவமனை வேலையில் கிடைத்த உடல்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் லூஸ் கல்லறைத்தோட்டத்தை விரிவாக்கி 2024 செப்டம்பரில் திறந்தார்கள், சுமார் 1,200 பேருக்கு இடம் இருக்கிறது. வரும் செப்டம்பரில் அங்கே போகத் திட்டம். பேருந்து வாடகை கூடியிருப்பதால் முன்பணத்தோடு பெயர் கொடுங்கள். போன முறைபோல் புறப்படும் காலையில் பேர் சேர்க்க முடியாது.

செயற்குழு வைக்கும் தீர்மானம் இதுதான். சங்கத்தின் பெயரிலோ பணத்திலோ மெட்டல் டிடெக்டர் வாங்குவதோ, போர்ப் பொருள் வாங்குவதோ, ஏற்பதோ கூடாது. அதற்கு இளைஞர்கள் கேட்ட தொகையை, பொதுமக்களிடம் திரட்டிய நிதியில் அனுமதியோடு நடக்கும் அகழாய்வு ஒன்றுக்குக் கொடுக்கலாம். 2018-ல் இப்ரெஸுக்குத் தெற்கே ஹில் 80 என்ற இடத்தில் அப்படித் திரட்டிய பணத்தில் தோண்டி நூறுக்கும் மேற்பட்ட உடல்களை மீட்டார்கள். இனி அப்படி ஒரு முயற்சி வரும்வரை பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். சந்தையில் ஏற்கெனவே தலைக்கவசம் வாங்கிவிட்ட இரண்டு பேர் அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், சங்க அறையில் வைக்க இடமில்லை.

துணைச் செயலாளர் பதவி இன்னும் காலியாக இருக்கிறது. விருப்பம் உள்ளவர்கள் வாக்கெடுப்புக்கு முன் தலைவரிடம் பெயர் கொடுக்கவும். இந்த அறிக்கையையும் மேற்படி தீர்மானத்தையும் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்