பெய்ஜிங்கில் கண்ட ஆந்தை

அன்புள்ள நண்பர் சிவராமனுக்கு,

நலம், உங்கள் நலமறிய ஆவல். முழங்கால் வலி குறைந்து மீண்டும் காலை நடைக்குச் செல்கிறீர்கள் என்பதை அறிந்து மகிழ்ந்தேன். மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இரண்டு நாட்கள் செலவிட்டேன். பண்டைய சீன வெண்கலக் கலங்களில் மங்கல விலங்குகள் எவை என்று கேட்டிருந்தீர்கள், கண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு மதுக்கலம். நான்கு மூலைகளிலும் சுருண்ட கொம்புகளோடு நான்கு ஆடுகள் மார்பை நிமிர்த்தி நிற்க, அவற்றின் உடல்களே கலத்தின் வயிறாக அமைந்திருக்கின்றன. 1938இல் ஹூனான் மாநிலத்தின் நிங்சியாங்கில் மண்ணிலிருந்து கிடைத்த, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆண்ட ஷாங் மரபினர் காலக் கலம் அது. எடை ஏறத்தாழ 34 கிலோ. ஜப்பானியருடனான போரின்போது குண்டுவீச்சில் நொறுங்கி, பின்னர் துண்டு துண்டாகச் சேர்க்கப்பட்டது. சீனத்தில் ஆடு 'யாங்', மங்கலம் 'சியாங்'. ஷாங்குக்கு வெகுகாலம் பின்வந்த ஹான் மரபினர் காலத்து வெண்கலப் பாத்திரங்களில் 'பெருமங்கலம்' என்று பொறிக்க வேண்டிய இடத்தில் ஆட்டுக்குரிய எழுத்தையே பொறித்தார்கள். ஆயினும் அந்த வாழ்த்தை அதற்கும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முந்தைய ஷாங் கலத்தின் மேல் ஏற்றிப் படிப்பதை என் மனம் ஏற்கவில்லை. ஷாங் மக்களுக்கு ஆடு, முதலாவதாக, முன்னோருக்குப் படைக்கும் பலி விலங்கு.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது ஆந்தை வடிவில் வார்த்த மதுக்கலம்தான். 1976இல் அன்யாங்கில் திறக்கப்பட்ட ஃபூ ஹாவின் கல்லறையில் கிடைத்த இணைக் கலங்களுள் ஒன்று அது. ஷாங் மன்னர் வூ டிங்கின் மனைவியாகிய அவர் படை நடத்தியவர் என்பதை எலும்புகளில் பொறித்த ஆரூடக் குறிப்புகள் சொல்கின்றன. இரண்டு தடித்த கால்களும் நிலத்தில் ஊன்றிய வாலுமாக மூன்று தாங்கல்களில் அந்த ஆந்தை நிற்கிறது. தலையின் பின்புறமே மூடி. அரசியின் பெயரைத் தாங்கி, முன்னோருக்கு மது வார்க்கும் சடங்குக்கென வார்க்கப்பட்ட பறவையை அக்காலத்தார் அமங்கலமாகக் கருதியிருக்க முடியாது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, தெற்கே சாங்ஷாவுக்கு அனுப்பப்பட்ட ஹான் கால அறிஞர் ஜியா யீ, தம் அறைக்குள் ஆந்தை போன்றதொரு பறவை வந்தமர்ந்ததைச் சாவின் அறிகுறியென அஞ்சிப் பாட்டெழுதினார். இடையில் மக்களின் நம்பிக்கை எப்படித் திரிந்தது என்பதே என்னை இன்னும் விடாத கேள்வி.

இணையின் மற்றொரு ஆந்தை ஜெங்ஜோவில், ஹெனான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த பயணத்தில் அங்கே செல்ல எண்ணியிருக்கிறேன். கால் ஒத்துழைத்தால் நீங்களும் உடன் வர வேண்டும்.

அன்புடன்,
தங்கள் நண்பன்
வேலாயுதம்