ஆறு விநாடி ஆட்டமும் எண்பது நிமிட ஆட்டமும்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்ட அமெரிக்கர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் பாய்ந்து விழுகிற அமெரிக்க ஃபுட்பால் தொகுப்பு. "இவனுங்களைவிட உடம்பை வருத்தி ஆடுறவன் உண்டா, உங்க ஊர்லயும் இதைத்தான் ஆடுறாங்களா" என்று கேட்டிருந்தீர்கள். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடத்திலேயே நீங்கள் கபடிக்குத் தாவிவிடுவீர்கள், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பி.டி. மாஸ்டருக்கு எழுதுவது என்பதால் கொஞ்சம் விவரமாகவே.

இங்கே ஆடுவது அது இல்லை அண்ணே. நாங்கள் இருக்கும் டூங்காபி, பக்கத்தில் பாரமட்டா, அந்தப் பக்கம் பென்ரித், சிட்னியின் மேற்கு வட்டாரம் முழுக்க ரக்பி லீக்தான். ஊரில் டிவியில் எப்போதாவது பார்த்திருப்போமே, பதினைந்து பேர் ஆடுவது, அது ரக்பி யூனியன். லீகில் பதின்மூன்று பேர். 1895ல் இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஒரு ஓட்டலில் கூடித் தனியாகப் பிரிந்தவர்கள் ஆரம்பித்தது. சனிக்கிழமை ஷிஃப்டை விட்டுவிட்டு ஆட வருகிற சுரங்கத் தொழிலாளிக்கும் மில் தொழிலாளிக்கும் அன்றைய கூலியைக் கொடுக்கலாமா கூடாதா என்ற சண்டையில்தான் பிரிந்தார்கள். இன்றைக்கும் இந்த ஆட்டத்தின் சொந்தக்காரர்கள் போலப் பேசுகிறவர்கள் எங்கள் வேர்ஹவுஸ் மாதிரி இடங்களில்தான் இருக்கிறார்கள். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சமோவாக்காரர் ஒருவர் இளவயதில் உள்ளூர் கிளப்பில் பிராப் இடத்தில், அதாவது முன்வரிசையில் முட்டுகிற இடத்தில், ஆடியவர். எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அமெரிக்க ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் இங்கே திங்கட்கிழமை காலையில்தான் வரும், அன்றைக்கு டீ இடைவேளையில் உங்கள் கேள்வியை வைத்துத்தான் பெரிய சண்டையே நடக்கும்.

சரி, ஆட்டம் எப்படி என்று சொல்கிறேன். நாற்பது நாற்பதாக எண்பது நிமிடம். பந்து வைத்திருக்கிறவனைப் பிடித்துச் சாய்க்க வேண்டும், அதுதான் டாக்கிள். சாய்ந்தவன் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னால் உருட்டிவிட்டால் ஆட்டம் தொடர்கிறது. ஒரு அணிக்கு ஆறு டாக்கிள்தான், அதற்குள் கோட்டைத் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஐந்தாவது முடிந்ததும் பெரும்பாலும் தூர உதைத்துவிடுவார்கள். பார்க்க எளிமையாகத்தான் இருக்கும். உடம்பைக் கொல்லுவது பத்து மீட்டர் விதி. ஒவ்வொரு டாக்கிளுக்குப் பிறகும் தடுக்கிற அணி பத்து மீட்டர் பின்வாங்கி நிற்க வேண்டும். இப்போதுதான் நூற்றுப்பத்துக் கிலோ ஆள் ஒருவனைக் கட்டிப் புரண்டு எழுந்திருக்கிறான், எழுந்த கையோடு பின்னால் ஓட வேண்டும், திரும்பி நின்றால் அடுத்தவன் முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கிறான், அவனை நோக்கி மறுபடி முன்னால் பாய வேண்டும். ஹூக்கர், அதாவது முன்வரிசையின் நடுவில் ஆடுகிறவர், ஒரே ஆட்டத்தில் நாற்பது, ஐம்பது டாக்கிள் போடுவது சாதாரணம். 2020ல் இன்னொரு விதி கொண்டுவந்தார்கள். தடுக்கிறவன் டாக்கிளுக்குப் பிறகு கீழே கிடந்து நேரம் கடத்தினால் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள், மணி ஒன்று அடிக்கும், எதிரணிக்குப் புதிதாக ஆறு டாக்கிள் கிடைத்துவிடும். பெனால்டிக்காக விசில் ஊதினால் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்த கொஞ்ச நேரமும் போயிற்று.

அமெரிக்க ஆட்டம் காகிதத்தில் அறுபது நிமிடம், டிவியில் மூன்று மணி நேரத்துக்கு மேல். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை 2010ல் கணக்கெடுத்துப் பார்த்தபோது பந்து உண்மையில் நகர்வது சுமார் 11 நிமிடம்தான் என்று வந்தது. ஒரு பிளே, அதாவது பந்தை எடுத்து ஆடும் ஒரு முயற்சி, ஐந்தாறு விநாடியில் முடிந்துவிடும், அப்புறம் கூடி நின்று அடுத்ததைத் திட்டமிடுவார்கள். இதைச் சொல்லித்தான் எங்கள் வேர்ஹவுஸில் அவர்களைக் கிண்டல் செய்வார்கள். எனக்கு அந்தக் கிண்டல் அவ்வளவு சரியாகப் படவில்லை. அந்த ஐந்தாறு விநாடியில் நடப்பதைப் பாருங்கள். முன்வரிசை லைன்மேன் ஒவ்வொருவரும் கிட்டத்தட்ட 140 கிலோ, குனிந்து உட்கார்ந்த நிலையிலிருந்து வெடித்து எழுந்து எதிரில் இருப்பவனை முட்டித் தள்ள வேண்டும், ஒரு ஆட்டத்தில் இப்படி அறுபது எழுபது தடவை. லீகில் பந்து வைத்திருப்பவனை மட்டும்தான் தொடலாம், அங்கே பந்தைத் தொடாத ஆளையும் இடித்து வழியிலிருந்து அகற்றலாம். பார்க்காத பக்கத்திலிருந்தும் அடி வரும். ஓய்வு இருக்கிறது என்பதற்காக அது சுலபமான வேலை ஆகிவிடாது. 2001 ஆகஸ்டில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் கோரி ஸ்ட்ரிங்கர் என்ற லைன்மேன் பயிற்சி முகாமிலேயே வெப்பத் தாக்குதலில் இறந்துபோனார். அவ்வளவு எடையோடு, கவசம் மாட்டிக்கொண்டு, கோடை வெயிலில்.

இரண்டுமே ரக்பி வயிற்றில் பிறந்த பிள்ளைகள், பின்னே உடம்பு ஏன் இவ்வளவு வேறாகிப்போனது? இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என் கணக்கில் காரணம் வீரமோ தைரியமோ இல்லை, ஆள் மாற்றும் விதி. முன்பெல்லாம் அமெரிக்காவிலும் அதே பதினோரு பேர்தான் தாக்கவும் தடுக்கவும் வேண்டும். 1950ல் அவர்களின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்று நிரந்தரமாக விட்டுவிட்டது. அதன்பின் தாக்க ஒரு கூட்டம், தடுக்க ஒரு கூட்டம், உதைக்க மட்டும் தனியாள். பிலடெல்ஃபியாவின் சக் பெட்னரிக் 1960ல் இரண்டு பக்கமும் ஆடினார், அந்தத் தலைமுறையோடு அது கிட்டத்தட்ட முடிந்தது. வெளியே போய் மூச்சு வாங்கலாம் என்றால் 140 கிலோ உடம்பையும் வளர்க்கலாம்தானே. லீகிலும் 1990களில் சில ஆண்டுகள் இப்படி அளவில்லாமல் ஆள் மாற்ற விட்டார்கள், உடனே பிராப்கள் பெருத்துக்கொண்டே போனார்கள், இருபது நிமிடம் முட்டவிட்டு எடுத்து மறுபடி விடுவது என்று. அப்புறம் விழித்துக்கொண்டு 2001ல் 12 மாற்றம், 2008ல் 10, 2016ல் 8 என்று இறுக்கினார்கள். மாற்ற முடியாது என்றால் களைத்தவன் களத்திலேயே நிற்பான், கடைசி இருபது நிமிடத்தில் களைத்த பெரிய ஆளைத் தேடித் தேடி அவன் பக்கமே சின்ன ஆள் ஓடுவான். இந்த ஆட்டத்தின் அழகே அங்கேதான் இருக்கிறது, அமெரிக்க ஆட்டத்தில் எனக்கு அது கிடைப்பதில்லை.

பிடிக்கிற முறையிலும் உடம்புக்கு வேலை வேறு. அங்கே தோளால் இடித்துத் தள்ளினால் போதும், முட்டி தரையில் பட்டு எதிராளி கை பட்டால் பிளே முடிந்தது. இங்கே வெறுமனே தோளால் இடிப்பதை 2013லிருந்து தடை செய்துவிட்டார்கள். கையால் கட்டிப் பிடித்துத்தான் சாய்க்க வேண்டும், பிடி இல்லாமல் விழுந்தால் அவன் எழுந்து ஓடிக்கொண்டே இருப்பான். ஒருத்தன் மார்போடு பந்தைச் சேர்த்து அணைப்பான், இன்னொருத்தன் காலை வாருவான், மூன்றாமவன் மேலே விழுந்து எழ விடாமல் அமுக்குவான். மெல்பர்ன் ஸ்டார்ம் கிளப் இதற்காகவே மல்யுத்தப் பயிற்சியாளரைக் கூட்டிவந்தது, இன்று எல்லாக் கிளப்பிலும் அது உண்டு. உங்கள் பையன்கள் சங்கிலி போட்டு, ஒருத்தன் கணுக்காலில் இறங்க, ரெண்டு பேர் இடுப்பைப் பிடித்து அமுக்குவார்களே, பிடியைப் பார்த்தால் அப்படியே லீக். ஆனால் பாடி வருகிறவனுக்கு முப்பது விநாடி, அது முடிந்ததும் ஒரு மூச்சு வாங்கல், நேரக் கணக்கைப் பார்த்தால் நம் கபடி அமெரிக்காக்காரன் பக்கம்தான் நிற்கிறது. நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

இங்கிருந்து அங்கே போன இரண்டு பேர் கதையைச் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். ஜாரிட் ஹெய்ன் பாரமட்டா ஈல்ஸின் நட்சத்திரம், 2009லும் 2014லும் இங்கே சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் வாங்கியவர், 2014 அக்டோபரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அமெரிக்கா போனார். சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணி எடுத்துக்கொண்டது. முதல் ஆட்டத்திலேயே, மினசோட்டாவுக்கு எதிராக, உதைத்து வந்த பந்தைக் கையில் வாங்கி நழுவவிட்டார். மொத்தம் எட்டு ஆட்டம். 2016ல் திரும்பி வந்துவிட்டார். பரந்த மைதானத்தில் நீண்ட அடி வைத்துச் சறுக்கி ஓடுவதுதான் அவர் பலம், அங்கே பந்தைச் சுமந்து ஓடுகிற ரன்னிங் பேக்குக்குக் கிடைப்பது இரண்டு லைன்மேன்களுக்கு நடுவே ஒரு நொடி திறக்கிற சந்து. இன்னொருவர் ஜோர்டன் மைலாட்டா. பேங்க்ஸ்டவுன் பையன், சமோவா பெற்றோர், சௌத் சிட்னியின் 20 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியவர். உயரம் 2 மீட்டருக்கு மேல், எடை 160 கிலோவைத் தாண்டும். எண்பது நிமிட ஆட்டத்தில் அந்த உடம்பைக் கடைசிவரை ஓட்டுவது கஷ்டம். 2018ல், ஒரு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடியிராதவரைப் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ், புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கிற தேர்வின் ஏழாவது சுற்றில் எடுத்தது. 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌல் ஜெயித்த அணியில் இடது டாக்கிள் என்ற முன்வரிசை லைன்மேன் இடத்தில் நின்றவர் அவர்தான். அன்றைக்கு டீ இடைவேளையில் எங்கள் ஃபோர்க்லிஃப்ட்காரர் யாருக்கும் பேச இடம் கொடுக்கவில்லை. இங்கே பாரமாக இருந்த எடைதான் அங்கே சொத்து.

இனி அடி விஷயம். கவசம் இருப்பதால் அவர்கள் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது, போதாததற்குத் தலையையே ஆயுதமாக நீட்டுகிற துணிச்சலைக் கொடுத்துவிடும். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மைக் வெப்ஸ்டர் 2002ல் இறந்தபோது டாக்டர் பென்னட் ஒமாலு அவர் மூளையில்தான் சி.டி.இ. என்ற சிதைவைக் கண்டார், திரும்பத் திரும்பத் தலையில் அடி வாங்குகிறவர்களுக்கு வருவது. இங்கே ஹெல்மெட்டே இல்லை, பல்லுக்கு ஒரு கார்டு, விருப்பப்பட்டவர்கள் மெல்லிய தலைக்கவசம், அவ்வளவுதான், ஆனால் நோய் மட்டும் அதேதான். கான்டர்பரி கிளப்பில் ஆடிய ஸ்டீவ் ஃபோக்ஸ் இறந்தபின் அவர் மூளையிலும் அது இருந்ததை 2019ல் கண்டுபிடித்தார்கள். பிரிஸ்பேனில் சிலை வைத்துக் கொண்டாடும் பழைய லீக் ஆட்டக்காரர் வாலி லூயிஸ் 2023ல் தனக்கு அது இருக்கக்கூடும் என்று டாக்டர்கள் சொன்னதை வெளியே சொன்னார். இருக்கக்கூடும் என்பதற்குக் காரணம், இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். இப்போது தலையில் அடிபட்டால் வெளியே கூட்டிப்போய்ப் பரிசோதிக்கிறார்கள், மூளை அதிர்ச்சி என்றால் 11 நாள் ஆடக்கூடாது. சனிக்கிழமை பார்க்கில் சின்னப் பையன்கள் ஆடும்போது இதெல்லாம் எந்த அளவுக்கு நடக்கும் என்று யோசித்தால் வயிறு கலங்கும்.

ஏனென்றால் என் பையனுக்கு இதை ஆட ஆசை வந்துவிட்டது. வகுப்பில் பாதிப் பையன்கள் ஆடுகிறார்கள், பென்ரித் 2021லிருந்து 2024 வரை வரிசையாக நாலு தடவை கோப்பை வாங்கியதில் இந்த வட்டாரப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதே பைத்தியம். அவன் அம்மா வாலி லூயிஸ் செய்தியைப் படித்ததிலிருந்து பேச்சையே எடுக்க விடுவதில்லை. நானும் அவள் பக்கம்தான், வெளியே சொல்லிக்கொள்வதில்லை. நடுவே ஒரு வழி கிடைத்தது, ஆஸ்டேக் என்று ஒன்று. அதே ஓட்டம், அதே பாஸ், அதே ஆறு தடவை கணக்கு, ஆனால் கட்டிப்பிடிப்பதற்குப் பதிலாக எதிராளி நிக்கரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பட்டையைப் பிய்த்துவிட்டால் போதும். குளிர்காலத்தில் புல் ஈரத்தில் வழுக்கி முட்டியில் சிராய்ப்போடு வருகிறான், அதற்கே அவள் முறைக்கிறாள், என்னை. உயர்நிலைப் பள்ளி போனபின் டாக்கிள் ஆடலாமா என்று பேசலாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதற்குள் மறந்துவிடுவான் என்ற நப்பாசை எனக்கு.

ஒரு உதவி அண்ணே. உங்கள் பள்ளிப் பையன்கள் கணுக்கால் பிடிக்கு எப்படி இறங்குகிறார்கள், தலையை எந்தப் பக்கம் வைக்கிறார்கள் என்று மெதுவாக ஆடச் சொல்லி ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். பிற்பாடு அவன் டாக்கிள் ஆடத்தான் செய்வான் என்றால் தலையை எதிராளியின் இடுப்புக்குப் பின்னால் வைக்கும் பழக்கத்தை இப்போதே ஏற்றிவிடலாம் என்று ஃபோர்க்லிஃப்ட்காரர் சொல்கிறார், அவருக்கும் காட்ட வேண்டும். அம்மாவின் முட்டி வலிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரைச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவதாகச் சொன்னீர்கள், இன்னும் வரவில்லை. பணம் வெள்ளிக்கிழமை போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி