கொழும்பு கைபேசி இறக்குமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதலாம் குறுக்குத் தெருவிலும் லிபர்ட்டி பிளாசாவிலும் தொழில் செய்யும் வர்த்தகர்களுக்கு,

விளையாட்டுப் பொத்தான்களும் பாத்திரத்தை நகர்த்தும் ஸ்டிக்கும் உடம்போடு பொருத்திய போன்களை மொத்தமாக இறக்க யோசிப்பவர்களிடம், பழுதுபார்ப்பவர்களும் உதிரிப்பாகம் விற்பவர்களுமான நாங்கள் கேட்பது ஒன்றுதான்: இறக்காதீர்கள். பணம் முடங்கும்.

இது ஏற்கெனவே சந்தைக்கு வந்து தோற்ற சரக்கு. 2003 ஒக்டோபரில் நொக்கியா என்-கேஜ் என்ற விளையாட்டுப் போனை 299 டொலருக்கு விட்டது. அதே வருடம் வந்த நின்டென்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவி கேம்போய் அட்வான்ஸ் எஸ்பி 99 டொலர்தான். என்-கேஜில் கேம் அட்டையை மாற்ற பின்மூடியைத் திறந்து பற்றரியையும் கழற்ற வேண்டும். பேசுவதென்றால் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். அடுத்த வருடத்து கியூடி மாதிரியில் இந்தக் குறைகளைத் திருத்தினார்கள், ஆனால் எம்பி3யையும் எஃப்எம் வானொலியையும் எடுத்துவிட்டார்கள். 2011இல் வந்த சோனி எரிக்சன் போனான எக்ஸ்பீரியா பிளேயின் பொத்தான்கள் நல்ல பொத்தான்கள். அப்படியிருந்தும் ஓடவில்லை. கோடிக்கணக்கான தொடுதிரைப் போன்கள் இருக்கும்போது, ஒரு மாடலின் பொத்தானுக்காக எந்த நிறுவனம் கேம் எழுதும்?

இன்றும் நிலைமை அதுதான். கோல் ஒஃப் டியூட்டி மொபைல் கொன்ட்ரோலரை ஏற்கிறது. எல்லாக் கேமும் அப்படி ஏற்பதில்லை. ஏற்காத கேமுக்குப் பொத்தானைத் தொடுகையாக மாற்றும் செயலியைப் போட்டுக் கொடுத்தால் வாடிக்கையாளரின் கணக்கே முடக்கப்படலாம். அந்தப் பழி கடைக்காரருக்கு வரும்.

பழுதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. சறுக்கித் திறக்கும் போனில் முதலில் போவது இரு பாதியையும் இணைக்கும் மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள். திறந்து மூட ஒரே இடத்தில் மடிந்து, உள்ளே செம்புக்கோடு வெடிக்கும். சாதாரண ஸ்டிக்கில் கரித்தடம் தேய்ந்ததும் கை வைக்காமலே கேமில் வரும் பாத்திரம் ஒரு பக்கம் நடக்கும். தனிக் கொன்ட்ரோலர் என்றால் வேறொன்று வாங்கலாம். போனோடு ஒட்டியிருந்தால் பின்பக்கத்தைச் சூடாக்கிப் பசையை இளக்கித் திறக்க வேண்டும். நீர்காப்பு போய்விடும், ஆளும் போனில்லாமல் அலைவார். உதிரிப்பாகம் இங்கே கிடைக்காவிட்டால் அந்தப் போன் அவ்வளவுதான்.

2024 ஜனவரியிலிருந்து போனுக்கு 18 சதவீத வற் வரியும் உண்டு. போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயின் பதிவு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி எல்லாம் வேறு.

அதற்குப் பதிலாக, போனை நடுவில் செருகி விளையாடும் டைப்-சி கொன்ட்ரோலர்களை இறக்குங்கள். ஐபோன் 15 முதல் ஐபோனுக்கும் டைப்-சி என்பதால் ஒரே சரக்கு இரு பக்கமும் போகும். வயர் இணைப்பு என்பதால் புளூடூத் தாமதம் இல்லை. 170 மில்லிமீற்றர் நீளப் போனும் உள்ளே உட்கார வேண்டும். தேயும் கரித்தடம் இல்லாமல் காந்தத்தால் அசைவை அறியும் ஹோல் (Hall) ஸ்டிக்காக இருக்க வேண்டும். விளையாடும்போதே சார்ஜ் ஏற வேண்டும். புடைத்த கமரா இடிக்கிறதா, கவர் போட்டபடி முனை முழுதாக ஏறுகிறதா என்று மாதிரியிலேயே பாருங்கள். அதிகம் திரும்பி வருவது இந்த இரண்டாலும்தான்.

எப்படியும் அந்தப் போனைத்தான் எடுப்பீர்கள் என்றால், ஐந்துக்கு மேல் வேண்டாம். ஏசி இல்லாத அறையில் 30 நிமிடம் கேமை ஓட்டி, சூட்டில் வேகம் விழுகிறதா பாருங்கள். எல்லா நிறுவன சிம்மையும் போட்டு 4ஜி வழியே பேசும் வோல்ட்இ அழைப்பு எடுத்துப் பாருங்கள். ஃபிளெக்ஸ், ஸ்டிக், பற்றரி மூன்றையும் உதிரியாக ஓடரிலேயே எழுதி வாங்குங்கள். மாதிரியில் ஒன்றை எங்கள் மேசைக்கு அனுப்புங்கள். கழற்றிப் பார்த்து, திருத்தக்கூடியதா என்று காசில்லாமல் சொல்கிறோம்.